பால் வத்திப்போச்சுன்னு சொன்ன வீடு: தாராவி கேஸ் ஒண்ணு, முழுசா

மும்பைல தாய்ப்பால் ஆலோசகரா இருக்கேன், அதுக்கு முன்னாடி பல வருஷம் பிரசவ வார்டு நர்ஸ், சயான், மாட்டுங்கா, செம்பூர், தாராவின்னு சுத்துவேன், பாதிக்கு மேல தமிழ் வீடுங்கதான். இந்தக் கேஸ் அந்த வீட்டு அனுமதியோட எழுதறேன், பேரு மட்டும் மாத்திருக்கேன். செல்வின்னு வச்சுக்கலாம், வயசு 27, முதல் குழந்தை, 90 அடி ரோடு பக்கம் எஸ்ஆர்ஏ பில்டிங்ல (குடிசைங்களுக்குப் பதிலா கட்டிக் குடுத்தது) நாலாவது மாடி, ஒரே ரூம் ஒரு சமையல் மேடை. புருஷன், மாமியார், அம்பாசமுத்திரத்துலருந்து பிரசவத்துக்கு வந்த அம்மா, எல்லாரும் அதுக்குள்ளதான். அம்மா 40 நாள் முடிஞ்சதும் ஊருக்குப் போயிட்டாங்க, நான் போனது 47வது நாள்.

போன்ல புருஷன் சொன்னது ஒரே லைன். "சிஸ்டர், பால் சுத்தமா வத்திப்போச்சு, பாப்பா மார்ல வாயே வைக்க மாட்டேங்குது, ஏதாச்சும் மாத்திரை இருக்கா?"

நான் வீட்டுக்குள்ள போனதும் முதல்ல கேக்கறது டிஸ்சார்ஜ் ஃபைலும் எடை போட்ட சீட்டும்தான், அழுகைய வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டேன். சீட்டுல இருந்தது இதான். 38 வாரத்துல சிசேரியன், பெண் குழந்தை, 2.9 கிலோ. முதல் தடவை மார்ல போட்டது 9 மணி நேரம் கழிச்சு, அதுக்குள்ள நர்ஸிங் ஹோம்ல பாட்டில்ல டப்பா பால் குடுத்துட்டாங்க. அஞ்சாம் நாள் 2.68. 14ம் நாள் 2.92. 28ம் நாள் 3.36.

இந்த நாலு நம்பர நிதானமா படிச்சுப் பாருங்க. பொறந்த குழந்தை முதல் சில நாள்ல எடை குறையறது சகஜம், 10 சதவீதம் வரைக்கும் போகலாம், இங்க 8 சதவீதம்கூட தொடல. ரெண்டு வாரத்துல பொறந்த எடைக்குத் திரும்பணும், திரும்பிருச்சு. அதுக்கப்புறம் முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு 20லருந்து 30 கிராம் ஏறணும், 14லருந்து 28ம் நாளுக்குள்ள 440 கிராம், அதாவது நாளைக்கு 31. 24ம் நாள் வரைக்கும் இந்தப் பாப்பா வெறும் தாய்ப்பால்தான் குடிச்சிருக்கு, நர்ஸிங் ஹோம்ல குடுத்தது போக. அதுவரைக்கும் செல்விக்கு பால் பத்தாம இருந்ததே இல்ல.

அப்ப என்னதான் நடந்துச்சு?

மூணாவது வாரத்துலருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாப்பா அழ ஆரம்பிச்சிருக்கு, மார்ல போட்டா குடிக்குது, எடுத்தா அழுது, திரும்பப் போட்டா திரும்பக் குடிக்குது, ஒன்பது ஒன்பதரை வரைக்கும் இதே கதை. இது எந்தக் குழந்தையும் பண்றதுதான், கொத்துக் கொத்தா குடிக்கும், சாயங்காலம் பால் கொஞ்சம் மெதுவா வரும், குழந்தை அடிக்கடி உறிஞ்சுனாதான் அடுத்தடுத்த நாள் உற்பத்தி ஏறும். ஆனா ஒரே ரூம் வீட்ல, பக்கத்து வீட்டு டிவி சத்தத்துல, மூணு பெரியவங்க சுத்தி உக்காந்து பாக்க ஒரு குழந்தை மூணு மணி நேரம் அழுதா பசின்னுதான் தோணும். அதோட அதே சமயத்துல மாரும் கொஞ்சம் கொஞ்சமா சாஃப்ட் ஆயிருக்கு. முதல் வாரங்கள்ல இருந்த கனம், கட்டு, ஒழுகறது எல்லாம் உடம்பு இந்தக் குழந்தைக்கு எவ்வளவு வேணும்னு கணக்கு பிடிச்சதும் தானா குறையும். வீட்ல அதைத் தொட்டுப் பாத்துட்டு "காலியாயிருச்சு"ன்னு முடிவு பண்ணிட்டாங்க.

24ம் நாள் ராத்திரி 60 மில்லி டப்பா பால். பாப்பா நாலு மணி நேரம் தூங்கிருச்சு. "பாத்தியா, பசிதான்"னு மாமியார். மறுநாளும் 60. அதுக்கப்புறம் புருஷன் நல்ல எண்ணத்துலயே ஒரு ஏற்பாடு பண்ணிருக்காரு, செல்விக்கு ஆபரேஷன் பண்ண உடம்பு, அவ ராத்திரி நல்லா தூங்கட்டும், ராத்திரி பாட்டில் நான் பாத்துக்கறேன்னு. இந்த மாதிரி புருஷன் கிடைக்கறதே அபூர்வம், நான் அவரைத் திட்டவே இல்ல. ஆனா அந்த ஏற்பாடுதான் விஷயத்தைக் கெடுத்துச்சு. நான் போனப்ப ராத்திரி 10:30லருந்து காலைல 6 வரைக்கும் ஏழரை மணி நேரம் பாப்பா மார்லயே இல்ல. பகல்லயும் மொபைல் ஆப்ல அலாரம் வச்சு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பக்கத்துக்குப் பத்து நிமிஷம், மணி அடிச்சதும் எடுத்துருவாங்க. ஆக மொத்தம் 24 மணி நேரத்துல அஞ்சாறு வேளைதான். இந்த வயசுக் குழந்தை 8லருந்து 12 தடவை குடிக்கணும்.

பால் சுரக்கற கணக்கு ரொம்ப சிம்பிள்தான். குழந்தை உறிஞ்சும்போது ரெண்டு ஹார்மோன் வேலை செய்யுது, புரோலாக்டின் பாலை உண்டாக்கும், ஆக்ஸிடோசின் உண்டானதை வெளிய தள்ளும். புரோலாக்டின் ராத்திரிலதான் ஏறி நிக்கும், அதனால ராத்திரி ரெண்டு மணிக்குக் குடுக்கற வேளைக்குத் தனி மதிப்பு. இன்னொண்ணு, மார்ல பால் எடுக்காம தேங்கி நின்னா அந்தப் பாலே "போதும், நிறுத்து"ன்னு சுரப்பிங்களுக்கு சொல்லிரும். கிணத்துல இறைக்க இறைக்க ஊறும்னு நம்ம கிழவிங்க சொல்றாங்களே, கிட்டத்தட்ட அதேதான். இங்க ராத்திரி முழுக்க இறைக்கவே இல்ல, மூணு வாரத்துல உடம்பு "சரி, இவங்களுக்கு இவ்வளவு போதும் போல"ன்னு குறைச்சுக்கிச்சு. பால் பத்தலங்கறது முதல்ல பொய்யா இருந்துச்சு, டப்பா உள்ள வந்தப்புறம் அதுவே நிஜமாயிருச்சு.

எவ்வளவு நிஜம்னு பாக்கணும்ல. அன்னைக்கு பாப்பா எடை 3.9 கிலோ. கிலோவுக்கு 150 மில்லின்னு போட்டா ஒரு நாள் தேவை 585. டப்பா பால் 420 போகுது (ஸ்கூப் எண்ணி சரியாத்தான் கலக்கறாங்க, அதையும் நின்னு பாத்தேன்). மிச்சம் 165 தான் தாய்கிட்ட இருந்து வந்திருக்கும். அப்புறம் 5 கிராம் வித்தியாசம் காட்டற மிஷின்ல குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, டயப்பர் மாத்தாம குடிச்சப்புறம் ஒரு தடவை எடை போட்டேன். ரெண்டு பக்கமும் குடிச்சு 25 கிராம். கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போச்சு. செல்வி அழுதுட்டா. நான் அவகிட்ட சொன்னது, 25ங்கறது சைபர் இல்ல, சைபர்லருந்து ஏத்தறதுதான் கஷ்டம்.

வாய் பிடிப்பும் தப்பு. பாப்பா காம்பு நுனிய மட்டும் பிடிச்சு சப்புது, எடுக்கும்போது காம்பு புது லிப்ஸ்டிக் மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு தட்டையா வெளிய வருது, அதைப் பாத்தாலே தெரிஞ்சுரும். கருவட்டத்துல பெரும்பகுதி, முக்கியமா கீழ்ப்பக்கம், வாய்க்குள்ள போகணும். அதோட பாட்டில் நிப்பிள்ல கவுத்தாலே கொட்டுது, மார்ல வேலை செஞ்சாத்தான் வரும், பாப்பா எதை விரும்பும்? நாக்கைத் தூக்கிப் பாத்தேன், அடில ஒட்டிக்கிட்டு இல்ல, அது சரியா இருக்கு.

இன்னொண்ணு ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. செல்விக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே தைராய்டு உண்டு, 50 மைக்ரோகிராம் மாத்திரை. பிரசவத்துக்கப்புறம் அட்டை தீர்ந்துச்சு, திரும்ப வாங்கல, "பிரசவம் ஆனப்புறம் வேண்டாம்னு நெனச்சேன் அக்கா"ன்னா. தைராய்டு குறைஞ்சா பால் குறையலாம். மறுநாளே டெஸ்டுக்கு அனுப்பினேன், டிஎஸ்எச் 11.4 (இது ஏறினா தைராய்டு குறைவுன்னு அர்த்தம்), ஹீமோகுளோபின் 9.4, ரத்தமும் கம்மி. டாக்டர் மாத்திரையை திரும்ப ஆரம்பிச்சாரு, இரும்புச் சத்தும் எழுதினாரு. அதனால இந்தக் கேஸ்ல பால் ஏறினதுக்கு என் பிளான் எவ்வளவு காரணம், தைராய்டு மாத்திரை எவ்வளவு காரணம்னு பிரிச்சு சொல்ல முடியாது. பால் குறைஞ்சிருக்குன்னு வர்ற தாயை இதெல்லாம் கேக்காம பால் ஊறும்னு வெறும் லட்டு சாப்பிடச் சொல்லி அனுப்பாதீங்கங்கறதுக்குத்தான் எழுதறேன்.

லட்டுன்னதும் சாப்பாடு. இந்த வீட்ல சாப்பாட்டுக்குக் குறையே இல்ல. அம்மா இருந்த 40 நாளும் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம், தாராவி கோலிவாடா மார்க்கெட்ல முஷின்னு விக்கற குட்டிச் சுறா வாங்கி சுறாப்புட்டு. கீழ் வீட்டு மராட்டிக்காரம்மா பிள்ளை பெத்தவங்களுக்குப் பண்ற அளிவ் விதை லட்டும் மேதி, அதாவது வெந்தய லட்டும் குடுத்து விட்டிருக்காங்க. எல்லாம் நல்ல சாப்பாடுதான், பெத்த உடம்புக்கு வேணும்தான் (சுறா மட்டும் எப்பவாச்சும்னு வச்சுக்கங்க, அதுல பாதரசம் சேரும்). ஆனா எடுக்காத பாலை எந்தப் புட்டும் ஊற வைக்காது. தண்ணி குடிச்சா வயிறு தொங்கும்னு செல்விக்கு அளந்து குடுத்திருக்காங்க, அதை மட்டும் அன்னைக்கே நிறுத்தச் சொன்னேன், தாகம் எடுத்தா குடிக்கணும், அவ்வளவுதான், குடம் குடமாக் குடிச்சாலும் பால் அதிகமாகாது.

அம்மா போறப்ப பால் வத்திரும், மல்லிப்பூ வைக்காதேன்னும் சொல்லிட்டுப் போயிருக்காங்க, செல்வி "இது மூடநம்பிக்கை தானேக்கா"ன்னு சிரிச்சா. முழுசா அப்படி இல்லம்மா. வேலூர் சிஎம்சில மல்லிப்பூ சரத்தை மார்ல ஒட்டி வச்சா பால் அடங்குதான்னு ஆராய்ச்சியே பண்ணி 1988ல வெளியிட்டிருக்காங்க, பால் நிறுத்தக் குடுக்கற மாத்திரையோட ஒப்பிட்டு, பூவும் வேலை செஞ்சிருக்கு. அது மார்ல கட்டறது, தலைல ரெண்டு முழம் வைக்கறது வேற. வெள்ளிக்கிழமை பூ வச்சுக்கோன்னு சொல்லிட்டேன்.

புருஷன் கேட்ட மாத்திரைக்கு வர்றேன். டோம்பெரிடோன் புரோலாக்டினை ஏத்தும், நெறைய பேருக்கு எழுதறாங்க, ஆனா இதயத்துடிப்புல கோளாறு வரலாம், டாக்டர் பாக்காம மெடிக்கல்ல போய் வாங்கக் கூடாது. இங்க தேவைப்படல.

பிளான்ல முதல் விஷயம் டப்பாவை உடனே நிறுத்தறது இல்ல. இதுலதான் நெறைய பேர் வீறாப்பா தப்பு பண்றாங்க. குழந்தை வயிறு முதல்ல நிறையணும், பசில கிடக்கற குழந்தைக்கு உறிஞ்சவும் தெம்பு இருக்காது. 420 அப்படியே போகட்டும், ஆனா பாட்டில் வேண்டாம், பாலாடைல (மூக்கு வச்ச சின்னக் கிண்ணம்) குடுங்கன்னேன். மாமியார் மூஞ்சி மாறுச்சு, "சங்கு சொல்லுதியளா நர்ஸம்மா? என்கிட்ட இருக்குதுல்லா"ன்னு பரண்லருந்து ஒரு சில்வர் டப்பாவை இறக்குனாங்க, உள்ள மகனுக்குக் குடுத்த எவர்சில்வர் சங்கு. வெந்நீர்ல கொதிக்க வச்சு எடுத்தோம். குழந்தைய நிமித்திப் பிடிச்சு, சங்கு மூக்கு நுனிய கீழ் உதட்டு ஓரத்துல வச்சு, ஊத்தாம சரிச்சு மட்டும் வச்சா அதுவே நாக்கால இழுத்துக்கும்.

மத்தபடி, அலாரம் ஆப்பை அழிச்சாச்சு. கைய சூப்புனா, தலைய திருப்பித் தேடுனா உடனே மார்ல போடணும், அழுகற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, எண்ணிக்கை எட்டுக்குக் குறையக் கூடாது, ராத்திரில ரெண்டு வேளை கட்டாயம். குடிச்சு வேகம் குறையும்போது மாரைக் கையால அமுக்கி விடணும், பக்கம் மாத்தணும், திரும்ப மாத்தணும். முடிஞ்சதும் பத்து நிமிஷம் பிழிஞ்சு எடுக்கணும். மதியம் ஒரு மணி நேரம் சட்டையில்லாம பாப்பாவை நெஞ்சுல போட்டுப் படுக்கணும், ஒரே ரூம்ல இதுதான் பெரிய பாடு, கடைசில மேடைக்குப் பக்கத்துல புடவையக் கட்டி மறைப்பு போட்டாங்க.

பால் எடுக்கற பம்ப்பை வாடகைக்கு எடுத்து வச்சு முதல் நாள் ரெண்டு பக்கமும் சேர்த்து 15 மில்லி வந்துச்சு. செல்வி அந்தப் பாட்டிலையே பாத்துட்டு உக்காந்திருந்தா. மாமியார் பக்கத்துல வந்து நின்னு, "இவளுக்கு ஊறாது நர்ஸம்மா, எங்க வீட்டு உடம்பு வேற, இவ உடம்பு வேற"ன்னாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, அடக்கிக்கிட்டு, உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு, மகன் எங்க பொறந்தான்னு கேட்டேன். சயான் ஆஸ்பத்திரி, 1993. அப்ப பக்கத்து பெட்டுல குறை மாசக் குழந்தை, அந்தத் தாய்க்கு ஜன்னி, சிஸ்டர் வந்து கொஞ்சம் பால் பிழிஞ்சு குடுப்பியாம்மான்னு கேட்டிருக்காங்க.

சயான் ஆஸ்பத்திரிலதான் 1989ல டாக்டர் அர்மீடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஆரம்பிச்சாங்க, ஆசியாவுலயே முதல், இந்த வீட்லருந்து நடந்து போற தூரம். நான் மெதுவா கேட்டேன், "முதல் நாள் எவ்வளவும்மா வந்துச்சு?"

"முத நா எங்க வந்துச்சு, சங்கு அடிலதான் கிடந்துச்சு. என் புள்ள குடிச்ச மிச்சம்லா. நாலஞ்சு நா பிழிஞ்ச பொறவு அர தம்ளர் வந்துச்சு."

சொல்லிட்டு அவங்களே நிறுத்திட்டாங்க. நான் ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு செல்விகிட்ட போய், "இங்க வா, அந்த மிஷின் கிடக்கட்டும்"னு விரலை எங்க வைக்கணும்னு காட்ட ஆரம்பிச்சாங்க, கருவட்டத்துக்கு ஓரமா கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், முதல்ல நெஞ்சுப் பக்கம் அமுக்கி அப்புறம் ரெண்டையும் சேத்துப் பிழியணும், காம்பை இழுக்கக் கூடாது. நான் பயிற்சில படிச்சது அப்படியே. அன்னைக்கு சாயங்காலம் கையாலயே 20 வந்துச்சு.

அப்புறம் நடந்தது நம்பர்லயே. 54ம் நாள் 4.06 கிலோ, டப்பா பால் 330. 61ம் நாள் 4.22, டப்பா 210. ஈரத் துணி (பாப்பா ஒண்ணுக்குப் போய் நனைச்சது) ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல, மலம் மஞ்சளா. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும், அந்த சந்தோஷத்துல நான் ஒரு தப்பு பண்ணேன். போன வாரம் 120 குறைச்சது நல்லா போகுதேன்னு அடுத்த வாரமே 90க்கு இறக்கச் சொன்னேன். 68ம் நாள் எடை 4.29, ஏழு நாள்ல வெறும் 70 கிராம். நாளைக்கு பத்து. ஈரத் துணி எண்ணிக்கையும் அஞ்சா குறைஞ்சிருந்திருக்கு, செல்வி குறிச்சு வச்சிருந்தா, நான் போன்ல கேக்கல. என் தப்புதான், அவங்ககிட்டயே சொன்னேன். டப்பாவை 240க்கு ஏத்தினோம், பாப்பாவை டாக்டர்கிட்ட காட்டினோம், வேற பிரச்சனை இல்ல. 75ம் நாள் 4.47, திரும்ப தண்டவாளத்துல ஏறிருச்சு. அதுக்கப்புறம் மூணு நாளைக்கு 30 மில்லிக்கு மேல குறைக்கறதில்ல, ஈரத் துணி கணக்கு பாத்த பிறகுதான்.

89ம் நாள் 4.82, டப்பா 90. 103ம் நாள் 5.13, டப்பா 60, அதுவும் ராத்திரி ஒரு வேளை. டிஎஸ்எச்சும் நார்மலுக்கு வந்துருச்சு. குடிச்சு எடை போட்டப்ப ஒரு வேளைக்கு 80 கிராம்.

அந்த 60 கடைசி வரைக்கும் போகல. நானும் விரட்டல. செல்வி "இது மட்டும் இருக்கட்டும்கா, அவர் குடுக்கட்டும், எனக்கு அந்த ரெண்டு மணி நேரத் தூக்கம் வேணும்"னா. சரின்னேன், ஆனா அது பத்து மணி வேளைதான், ரெண்டு மணி வேளை மார்ல.

நர்ஸிங் ஹோம் பத்தி ஒண்ணு சொல்லணும். டிஸ்சார்ஜ் ஃபைல்ல டப்பா பால் பேரை பிராண்டோட எழுதிக் குடுத்திருக்காங்க, எவ்வளவு நாள், எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. குழந்தைப் பால் பவுடரை விளம்பரம் பண்றது, இலவச சாம்பிள் குடுக்கறது, ஆஸ்பத்திரி மூலமா தூக்கி விடறது எல்லாம் 1992 சட்டத்துலயே தடை, 2003ல இன்னும் இறுக்கினாங்க. மருத்துவக் காரணம் இருந்தா எழுதலாம், யாரும் வேண்டாங்கல, காரணத்தையும் எழுதுங்க.

செல்விக்கு அந்தேரில ஒரு அலுவலகத்துல பேக் ஆபீஸ் வேலை, 26 வாரம் லீவு, 2017 திருத்தத்துக்கப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கு அதுதான் சட்டம். திரும்பப் போனா குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் தினம் ரெண்டு இடைவேளை பால் குடுக்கறதுக்குன்னு சட்டத்துல உண்டு, ஹெச்ஆருக்கே தெரியல, அவ பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போனா. பால் எடுக்க ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் சாவி குடுத்தாங்க. எடுத்த பால் ரூம்ல 4 மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல 4 நாள்னு அமெரிக்க சுகாதார அமைப்பு சிடிசி சொல்லுது, அதுலயும் ரூம்னா 25 டிகிரி வரைக்கும்தான். மே மாச மும்பைல அதை நம்பாதீங்க, எடுத்த உடனே ஐஸ் பேக் வச்ச டப்பாவுல போட்டு வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல உள்பக்கமா, கதவுல இல்ல, மறுநாளுக்குள்ள குடுத்துருங்கன்னு சொல்லியிருக்கேன்.

கடைசியா நான் போனது அவ வேலைக்குப் போன ரெண்டாவது வாரம், பாப்பாவுக்கு ஆறு மாசம் தாண்டி ராகிக் கூழ் ஆரம்பிச்சாச்சு. ஃப்ரிட்ஜைத் திறந்தா மேல் தட்டுல மூணு சின்ன எவர்சில்வர் டப்பா, ஒவ்வொண்ணுலயும் பிளாஸ்டர் ஒட்டி பேனால டைம் எழுதிருக்கு, "11 மணி", "3:30", கோணல் மாணலா மாமியார் கையெழுத்து. எது முன்னாடி எடுத்ததோ அதை முன்னாடி குடுக்கணும்னு எனக்கே விளக்கம் சொன்னாங்க. சங்கு மேடைல கவுத்து வச்சிருந்துச்சு. "நேத்து ரெயில் லேட்டு, வந்தா ஒம்பது மணி, மார் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு அவளுக்கு, வந்ததும் முகம் கூட கழுவல, பாப்பா தாவிருச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த டப்பாவுக்கு பிளாஸ்டர் கிழிச்சாங்க.